ஒரு 'அப்புறம்' கற்றுக்கொள்ள 480 வெள்ளி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை காலை நடக்கும் பிரெஞ்சு வகுப்புக்குப் பத்து வாரம் போய் முடித்துவிட்டு எழுதுகிறேன். பெயர் போடவில்லை. நல்லதும் சொல்வேன், குறையும் சொல்வேன், நடத்துகிறவர்கள் சின்ன அளவில் நடத்துகிற நல்ல மனிதர்கள், எதற்கு வீண் மனஸ்தாபம். இடத்தை விட வகுப்பு எப்படி என்பதுதான் இங்கே முக்கியம், ஏனென்றால் இந்த மாதிரி சின்ன வகுப்பில் சேரலாமா, பெரிய மையத்துக்கே போகலாமா என்று என்னைக் கேட்டவர்கள் நாலைந்து பேர் ஆகிவிட்டார்கள்.

நான் போன காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் வேலை கணக்கு. பிரான்சில் இருக்கும் ஒரு கிளையோடு தினமும் மின்னஞ்சல் போக வர இருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில்தான், ஆனாலும் ஒரு வரி பிரெஞ்சில் போட்டால் அந்தப் பக்கம் முகம் மலரும் என்று கைப்பேசியில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் எல்ஆர்டி ரயிலில் தட்டிக்கொண்டே போனேன். அந்தச் செயலி 'ஆன்ஸ்வீத்' என்றால் 'அப்புறம்' என்ற மாதிரிதான் சொல்லிக்கொடுத்தது. ஒருநாள் அவர்கள் ஒரு பில்லின் நகல் கேட்டார்கள். கையில் வேறு வேலை. 'அப்புறம் அனுப்புகிறேன்' என்று சொல்ல நினைத்து, "ஜ வூ லான்வெரே ஆன்ஸ்வீத்" என்று பெருமையாக எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டே சொல்லில் பதில் வந்தது: "அப்ரே க்வா?" எதற்கு அப்புறம்?

முதலில் ஏதோ நட்பாகக் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் தேடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஆன்ஸ்வீத்துக்கு முன்னால் ஏதாவது ஒன்று நடந்திருக்க வேண்டும் அல்லது நடக்கப்போவதாகச் சொல்லியிருக்க வேண்டும். இதைச் செய்கிறேன், அடுத்து அதைச் செய்கிறேன் என்றால் அது பொருந்தும். முன்னால் ஒன்றுமே இல்லாமல் போட்டால் அந்தரத்தில் தொங்கும். நம் ஊரில் கடன்காரனிடம் சொல்கிற 'அப்புறம் தர்றேன்' இருக்கிறதே, அதற்கு அங்கே 'ப்ளு தார்'. முழுக்க வேறு சொல்.

அன்று சாயங்காலமே வகுப்பு தேட ஆரம்பித்தேன்.

கட்டணம் 480 வெள்ளி (ரிங்கிட்), பத்து சனிக்கிழமை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். கணக்குப் போட்டால் மணிக்கு 24 வெள்ளி. புத்தகத்துக்குத் தனியாக 30. எங்கள் குழுவில் பதினொரு பேர், அதில் ஒன்பது பேர் நம்மவர்கள், ஆகையால் வகுப்பு முக்கால்வாசி தமிழில்தான் ஓடியது. எனக்கு இது பெரிய வரம். ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிக்கும்போது இரண்டு முறை மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது, நடுவில் பாதி பொருள் ஒழுகிப் போகிறது.

டீச்சருக்குப் பூர்வீகம் புதுச்சேரி. 1954இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறி, 1962இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது அங்கிருந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஒரு வாய்ப்பு இருந்தது. அப்படித் தேர்ந்துகொண்ட குடும்பம் இவருடையது. பாரிஸ் பக்கம் வளர்ந்து கோலாலம்பூரில் வாழ்க்கைப்பட்டவர். தமிழ் பேசும்போதும் 'ர' மட்டும் தொண்டையிலிருந்து வரும். முதல் வாரம் எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாலாவது வாரம் நாங்கள் எல்லோரும் அதே 'ர'வுக்குத் திண்டாடியபோது அவர் சிரித்தார்.

நாலாவது வாரத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பலகையில் தமிழில் 'அப்புறம்' என்று மட்டும் எழுதிவிட்டு, "இந்தச் சொல்லை வீட்டில் எப்படியெல்லாம் சொல்வீர்கள், ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்" என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு தாதி, "சாப்பாட்டுக்கு அப்புறம் மருந்து" என்றார். அதன் எதிரே 'அப்ரே' என்று எழுதினார். "குளித்தேன், அப்புறம் சாமி கும்பிட்டேன்." 'ஆன்ஸ்வீத்', பக்கத்திலேயே 'ப்வி'. "அப்புறம் வாரேன்." 'ப்ளு தார்'. நான் வாயைத் திறக்கவில்லை. "அப்புறம், வேற என்ன சேதி?" என்றான் பின்வரிசைப் பையன். அதற்கு 'அலோர்'. "ஓடாதே, விழுந்துட்டு அப்புறம் அழாதே" என்று ஒரு அம்மா சொல்ல, மறுபடி 'அப்ரே'க்குக் கோடு இழுத்தார். எங்கள் வகுப்பில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா இருக்கிறார், பேரப்பிள்ளை பிரான்சில் பிறந்திருக்கிறது, அதனிடம் பேசவேண்டும் என்றே வருகிறவர். கடைசியாக அவர் கேட்டார்: "ஏம்மா, கதை சொல்லும்போது பிள்ளை வாயைப் பார்த்துக்கிட்டு 'அப்புறம்?'னு கேட்குமே, அது?"

"ஆ, அது எ ஆன்ஸ்வீத்?" என்றார் டீச்சர். 'எ' என்றால் 'உம்'. "உங்கள் பேரன் நிச்சயம் இதைக் கேட்பான் ஐயா, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்." 'எ அப்ரே?' என்றும் கேட்கலாமாம், ஆனால் குரலைக் கொஞ்சம் மாற்றினால் அது 'அதனால் என்ன இப்போ?' என்கிற மாதிரி ஆகிவிடும், தாத்தாவிடம் ஆன்ஸ்வீத்தே மரியாதை என்றார். ஐயா நோட்டுப் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதிக்கொண்டார்.

பலகை முழுக்கக் கோடுகள். ஒரு சொல்லிலிருந்து ஐந்து கிளை. அந்தப் பலகையை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆறு மாதம் செயலியில் தட்டியதைவிட அந்த ஒரு படம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

அதோடு விடவில்லை. அப்புறம் என்பதைப் பிரித்துக் காட்டச் சொன்னார். அ, புறம். அந்தப் பக்கம். அவ்வளவுதான் அதன் பொருள். பத்து வருஷம் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி என்று தமிழ் படித்த எனக்கு இது தோன்றவே இல்லை. நாம் காலத்தைச் சொல்ல ஒரு திசையைக் கைகாட்டுகிறோம். ஆன்ஸ்வீத்தைப் பிரித்தால் 'ஆன்', 'ஸ்வீத்'. ஸ்வீத் என்றால் தொடர்ந்து வருவது, 'ஸ்வீவ்ர்' என்ற வினையிலிருந்து, அதாவது பின்தொடர்தல். ஆகவே அது ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற சொல், வால் இல்லாவிட்டால் நிற்காது. என் மின்னஞ்சல் ஏன் அபத்தமாக இருந்தது என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. இடையில் ஒரு வேடிக்கையும் சொன்னார்: 'ஜ ஸ்வி' என்றால் 'நான் இருக்கிறேன்', அதுவே 'நான் பின்தொடர்கிறேன்' என்றும் பொருள்படும், எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று.

இந்த ஸ்வீத் குடும்பம் பெரிசு. 'தூத் ஸ்வீத்' என்றால் உடனே. 'பர் லா ஸ்வீத்' என்றால் பிற்பாடு. 'த்ருவா ஜூர் த ஸ்வீத்' என்றால் தொடர்ந்து மூன்று நாள். 'ஏன்ஸி த ஸ்வீத்' என்றால் இப்படியே மேலும் மேலும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பொருள் எவ்வளவு தள்ளி நிற்கிறது பாருங்கள். செயலி இதில் இரண்டைத்தான் தொட்டது, அதையும் தனித்தனிப் பாடத்தில், ஒன்றுக்கொன்று உறவு என்று சொல்லாமலே.

ஐந்தாம் வாரமும் இதே சொல்தான். பின்வரிசைப் பையன் முணுமுணுத்தான், 480 வெள்ளிக்கு ஒரே சொல்லா என்று. அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு, அதற்கு வருகிறேன். ஆனால் அந்த வாரம் நடந்தது தமிழர்களுக்கு என்றே செய்த பாடம். 'சந்தைக்குப் போய், மீன் வாங்கி வந்து, கழுவி, குழம்பு வைத்தேன்' என்ற வாக்கியத்தைப் பிரெஞ்சில் எழுதச் சொன்னார். எழுதிப் பாருங்கள், கை நின்றுவிடும். போய், வாங்கி, வந்து, கழுவி. நம் வினையெச்சமே வரிசையைச் சொல்லிவிடுகிறது, இடையில் 'அப்புறம்' எதுவும் தேவையில்லை. பிரெஞ்சில் ஒவ்வொன்றையும் முழு வினையாக உடைத்து, நடுவில் ஏதாவது ஒரு கொக்கி போட வேண்டும்: போனேன், வாங்கினேன், 'ப்வி' கழுவினேன், 'ஆன்ஸ்வீத்' குழம்பு வைத்தேன். எங்களில் பாதிப் பேர் கொக்கியே போடாமல் மொட்டையாக எழுதியிருந்தோம். மீதிப் பாதி எல்லா இடத்திலும் ஆன்ஸ்வீத்.

நான் இரண்டாவது பாதி. வீட்டுப்பாடத்தில் எட்டு வரிக்கு ஆறு ஆன்ஸ்வீத் போட்டிருந்தேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் மலாய்க் கட்டுரையின் தோஷம் அது. ஒவ்வொரு பத்தியும் ஒரு 'பெனண்டா வாச்சானா'வோடு, அதாவது இணைப்புச் சொல்லோடு, தொடங்க வேண்டும் என்று தலையில் ஏற்றிவிட்டார்கள், 'அடுத்ததாக' என்கிற 'செதெருஸ்ஞா' இல்லாமல் பேனா நகராது. டீச்சர் ஆறையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, "இது கட்டுரையா, கூட்ஸ் வண்டியா?" என்றார். ரயில்வே ஐயா சிரித்த சிரிப்பு கீழே பூக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

ப்விக்கும் ஆன்ஸ்வீத்துக்கும் பொருளில் பெரிய வித்தியாசம் கிடையாது, இடத்தில்தான் வித்தியாசம். இதைக் காட்ட ஜன்னல் கம்பியிலிருந்து பலகை ஆணி வரைக்கும் ஒரு துணிக்கொடி கட்டி, சொற்களை அட்டையில் எழுதி, துணி கவ்விகளால் மாட்டினார். ப்வி அட்டை எப்போதும் ஒரு வாக்கியத்தின் தொடக்கத்தில் மட்டும் தொங்கும். அதை வினைக்குப் பின்னால் மாட்டப் போன தாதியின் கையை மெல்லத் தட்டினார். "ப்வி வாசலைத் தாண்டி உள்ளே வராது. ஆன்ஸ்வீத் வீட்டுப் பிள்ளை, கூடத்திலும் உட்காரும், கொல்லையிலும் உட்காரும்." அதாவது ஆன்ஸ்வீத் முன்னாலும் வரலாம், 'இல் ஏ ஆன்ஸ்வீத் பார்த்தி' என்று துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். 'எ ப்வி' என்று சேர்த்தால் 'அதுவும் தவிர' என்ற பொருளும் வந்துவிடும். பேச்சில் பிரெஞ்சுக்காரர்களே 'ப்வி ஆன்ஸ்வீத்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார்களாம், நாம் 'அதுக்குப் பிறகு அப்புறம்' என்கிற மாதிரி. எழுத்தில் செய்தால் சிவப்பு மை.

உச்சரிப்பு தனிக் கதை. தமிழில் ஆன்ஸ்வீத் என்று எழுதுகிறேனே தவிர அந்த 'வீ' உண்மையில் வீ இல்லை. உதட்டை அவர்களுடைய குறுகிய 'உ'வுக்குக் குவித்து, நாக்கை 'ஈ'க்குக் கொண்டுபோக வேண்டும். கீழிருந்து பொட்டலம் கட்டி வாங்கி வந்திருந்த தே ஆயிஸ் என்ற ஐஸ் தேநீரின் உறிஞ்சுகுழலை உதட்டில் வைத்துக்கொண்டு ஈ சொல்லச் சொன்னார். பதினொரு பேர் உறிஞ்சுகுழலோடு ஈ ஈ என்று நின்ற காட்சியை யாரும் படம் எடுக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம். லூயி என்ற பெயருக்கும் 'அவனுக்கு' என்று பொருள்படும் 'ல்வி'க்கும் வித்தியாசம் இந்த ஒரு ஒலிதான்.

கடைசி 'த்' மட்டும் நமக்குச் சுலபம், பல்லில் நாக்குப் படுகிற நம் த். இங்கே அறை வாடகை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள், குளியலறை சேர்ந்த அறைக்கு ஆங்கிலத்தில் ஆன்ஸ்வீட் என்று போடுவார்கள். பிரெஞ்சிலிருந்து போனதுதான், ஆனால் பிரெஞ்சு ஆன்ஸ்வீத்துக்குக் குளியலறைப் பொருளே கிடையாது. ஆங்கிலத்தில் ட், பிரெஞ்சில் த். அவர்கள் இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதிக் குழம்பட்டும், நமக்குத் தனித்தனி எழுத்து இருக்கிறது.

ஆறாம் வாரத்து வாய்மொழித் தேர்வில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றுகிற பால் தேநீர், கலக்குவது எப்படி என்று ஒவ்வொருவரும் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். 'தபோர்', அதாவது முதலில், தண்ணீர் கொதிக்க வைக்கிறேன். 'ப்வி' தே போடுகிறேன். பிரெஞ்சிலும் அது 'தே'தான், நம் கோப்பிக்கடையில் சொல்கிற அதே தே, இரண்டுக்கும் மூலம் ஹொக்கியன் சொல். 'ஆன்ஸ்வீத்' டின் பால். 'ஆன்ஃபேன்', அதாவது கடைசியாக, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி இழுக்கிறேன். ரயில்வே ஐயா மட்டும் ஆன்ஃபேன் போட மறுத்துவிட்டார். தே தாரிக்கில் இழுப்புக்கு ஏதம்மா கடைசி என்று கையைத் தூக்கி இழுத்துக் காட்டி, "ஏன்ஸி த ஸ்வீத், ஏன்ஸி த ஸ்வீத்" என்று முடித்தார். டீச்சர் முழு மதிப்பெண் போட்டார். நியாயமான மதிப்பெண்.

சரி, குறைகள்.

தபோர், நேரம். பத்து மணி வகுப்பு ஒருநாள்கூடப் பத்துக்குத் தொடங்கவில்லை, பத்தே கால் அல்லது பத்து இருபது. மணிக்கு 24 வெள்ளி கொடுக்கிறவனுக்கு இது உறுத்தும். ஆன்ஸ்வீத், குளிர்சாதனம். முன்வரிசைக்கு ஊட்டி, பின்வரிசைக்கு உலை. (பார்த்தீர்களா, இப்படிக் காரணங்களை அடுக்குவதற்கும் இந்தச் சொல் உதவும், 'ஒன்று, இரண்டாவது' என்கிற இடத்தில்.) கேட்டல் பயிற்சிக்குப் போட்ட ஒலிப்பதிவு கரகரவென்று இருந்தது, கீழே சாலையில் ஹாரன் அடித்தால் பிரெஞ்சு எது, பிரிக்பீல்ட்ஸ் எது என்று தெரியாது.

புத்தகம் அதைவிட மோசம். 30 வெள்ளிக்கு நகலெடுத்து வளையம் போட்ட புத்தகம், அது போகட்டும். ஆன்ஸ்வீத் பாடத்திலேயே, ஒரு பக்கம் முழுக்க, அந்தச் சொல்லின் கடைசி எழுத்தான 'e' விட்டுப்போயிருக்கிறது. ஒரு எழுத்துத்தானே என்று விட முடியாது. அந்த எழுத்து இருந்தால்தான் த் ஒலிக்கும், போய்விட்டால் த் ஊமையாகிவிடும். போதாததற்கு அந்தப் பிழையான வடிவம் பிரெஞ்சில் உண்மையிலேயே இருக்கிற இன்னொரு சொல்லின் வடிவம், 'இதிலிருந்து இன்னது விளைகிறது' என்று சொல்லும்போது வருவது. வீட்டில் தனியாகப் படிக்கிறவர் தப்பாகவே மனப்பாடம் செய்துவிடுவார். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சொன்னேன். "திருத்தி அனுப்புகிறோம்" என்றார்கள். பத்தாவது வாரம் வரை வரவில்லை. இந்த 'அனுப்புகிறோம்' எல்லாம் ப்ளு தார் வகை.

அப்புறம் அந்தப் பையன் முணுமுணுத்த விஷயம். இரண்டு வாரம் ஒரு சொல்லுக்குக் கொடுத்தால் மிச்சத்துக்கு நேரம் ஏது? எதிர்காலம் அரைகுறை. ஒன்பதாம் வாரம் இறந்தகாலத்தை ஓட்டமாக ஓட்டினார்கள். பிரெஞ்சு மொழிச் சான்றிதழுக்கான டெல்ஃப் தேர்வு எழுத நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குக் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி, ஒவ்வொன்றும் 25, மொத்தம் நூற்றுக்கு 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. அந்த மாதிரிக் கணக்குப் பார்த்து, பழைய வினாத்தாளைப் போட்டு உருட்டுகிற இடம் இது இல்லை. டெல்ஃபின் தொடக்கப் படிகளில் ஒன்றான ஏ2 நிலையில், நடந்த ஒரு நிகழ்ச்சியை விவரித்து எழுதச் சொல்வார்கள், அதற்கு மட்டும் தபோர், ப்வி, ஆன்ஸ்வீத் எல்லாம் கைகொடுக்கும். மற்றதற்கு நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பையன் ஏழாம் வாரத்தோடு நின்றுவிட்டான். பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தான், முன்பணம் திரும்பாது என்று ரசீதிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது.

எனக்கோ, நான் கேட்டு வந்தது கிடைத்தது. போன மாதம் மறுபடி அதே கிளையிலிருந்து நகல் கேட்டார்கள். இந்த முறை, முதலில் மாதக் கணக்கை முடிக்கிறேன், ஆன்ஸ்வீத் உங்களுக்கு அனுப்புகிறேன் என்று வாலும் தலையுமாக எழுதினேன். பதிலுக்கு ஒரு 'பர்ஃபே' வந்தது. மிகச் சரி என்று அர்த்தம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். புத்தகத்தைத் திருத்தினால் நாலு. தமிழில் யோசித்துப் பிரெஞ்சு பேச ஆசைப்படுகிறவர்கள், பேரப்பிள்ளையோடு பேச வேண்டியவர்கள் தாராளமாகப் போகலாம். சான்றிதழ் வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பாருங்கள். காரை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், சனிக்கிழமை காலையில் அங்கே நிறுத்த இடம் தேடியே முதல் பாடம் போய்விடும். கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தால் பத்து நிமிடம். பசியாறிவிட்டே ஏறுங்கள், வகுப்பு எப்படியும் பத்தே காலுக்குத்தான்.